இயக்குநர் வைத்த மொட்டு

இயக்குநர் மொட்டைத் தலைகீழாக வைத்தார். கூட்டம் கைதட்டியது.

கைதட்டியவர்களில் பாதிப் பேருக்கு மொட்டு எது, காம்பு எது என்று தெரியாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, விருந்தினர்கள். மீதிப் பாதிப் பேர் பழமர ஆராய்ச்சி நிலையத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். அதனால் அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

பீச் மரத்தை விதையிலிருந்து வளர்த்தால் பிள்ளை அம்மா மாதிரியே வரும் என்று நம்பி உட்கார முடியாது. அபூர்வமாக நல்ல மரம் ஒன்று அமைந்துவிட்டால், அதன் கிளையிலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு சீவி எடுத்து, வேறொரு முரட்டுக் கன்றின் தண்டில் கீறல் போட்டு, அந்தப் பட்டைக்குள் செருகிக் கட்டவேண்டும். கீழே நிற்கிற முரட்டுக் கன்றுக்கு வேர்க்கன்று என்று பேர். அது வேரைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மேலே வளர்கிற கிளை, பூக்கிற பூ, காய்க்கிற காய், வாங்குகிற நல்ல பெயர் எல்லாம் மொட்டுக்கு. அலுவலகத்தில் நாலு வருடம் குப்பை கொட்டிய யாருக்கும் இந்த ஏற்பாட்டை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. மொட்டு நிமிர்ந்திருக்க வேண்டும். காம்புத் துண்டு கீழே, அதன் மடியில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி மொட்டு மேலே. இயக்குநர் வைத்தபோது பிள்ளை கால் மேலே, தலை கீழே என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"சார்," என்று வாயைத் திறந்தாள் பீச்சம்மா.

பக்கத்தில் நின்ற துணை இயக்குநர் அவள் காலை மிதித்தார். முகத்தில் சிரிப்பு மாறாமல், "கேமரா ஓடுது மேடம்," என்றார்.

பீச்சம்மா என்பது அவளுடைய பெயர் அல்ல. பீச் மரங்களோடு தலைமுடி நரைக்கிற அளவுக்குக் குடும்பம் நடத்தியதால் வந்த பெயர். நிலையத்தில் அவள் முதுநிலை ஆய்வாளர். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளும் உரிமை உண்டு. அதை நம்பி அவள் குடியிருப்பின் மாடிப்படியில் நிறுத்திக் காதுவலிக்கு மருந்து கேட்டவர்களுக்கு, அவளால் காதுக்குள் எறும்பு போயிருந்தால்கூட எதுவும் செய்ய முடியாது என்று தெரிந்தபிறகு அவள்மேல் இருந்த மரியாதை குறைந்துவிட்டது.

துணை இயக்குநரை எல்லோரும் 'ஆமாஞ்சார்' என்பார்கள். அவர் வாயில் வேறு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. இயக்குநருக்கு முதுகுக்குப் பின்னால் 'வெங்காயம்' என்று பேர். அது வசவு அல்ல, அல்லது வசவு மட்டும் அல்ல. அவருடைய முனைவர் பட்டம் கிடங்கில் வெங்காயம் அழுகுவது பற்றியது. வெங்காயத்தைத் தாண்டி எந்தச் செடியையும் அவர் கிட்டத்தில் பார்த்ததில்லை. பழமர நிலையத்துக்கு எப்படி இயக்குநர் ஆனார் என்று கேட்டால், அழுகல் பற்றித் தெரிந்தவர் எந்த நிலையத்துக்கும் தலைமை தாங்கலாம் என்பதுதான் பதில்.

அன்று அவர் ஒட்டியது அவளுடைய மொட்டு. சரியாகச் சொன்னால், ஏழாம் வரிசையில் நின்ற மரத்தின் மொட்டு. அந்த மரத்தை உண்டாக்கியவள் அவள். சீக்கிரம் பழுக்கிற பீச்சின் கொட்டைக்குள் கரு முழுதாக வளர்ந்திருக்காது. மண்ணில் போட்டால் மக்கிப்போகும். கொட்டையை உடைத்து, அரைகுறைக் கருவைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து, குறைமாதக் குழந்தையைப் போல ஊட்டி வளர்க்கவேண்டும். அப்படி அவள் வளர்த்த கன்றுகள் பல நூறு. காய்க்கும் வரை காத்திருந்து, கடித்துப் பார்த்து, ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தாள். புளிப்பு. சக்கை. அதிகக் குளிர் கேட்கிறது. பழம் உதிர்கிறது. எல்லாவற்றையும் வெட்டியபின் மிஞ்சியவள் ஏழாம் வரிசைக்காரி. குறைந்த குளிரிலும் பூப்பாள். வெள்ளைச் சதை. கடித்தால் முதலில் வாசனை வரும், பிறகுதான் இனிப்பு வரும்.

இயக்குநர் ஒரு பழம் தின்றார். அடுத்த வாரம் அதற்குத் தன் தாயாரின் பெயரை வைத்தார். அதற்கடுத்த மாதம் தன் கையாலேயே முதல் ஒட்டு வைப்பதாக அறிவித்தார். நுழைவாயிலுக்கு எதிரே வேர்க்கன்று ஒன்றை வட்டமாகக் கல் பதித்து நட்டார்கள். ரிப்பன் கட்டவேண்டும் என்று ஆமாஞ்சார் அதன் இலைகளையெல்லாம் உருவி, தண்டை ஈரத்துணியால் துடைத்தும் வைத்தார்.

விழா முடிந்து மாலைக்குள் வெண்கலப் பலகை வந்துவிட்டது. வேலி வந்தது. நாற்காலியோடு ஒரு காவலாளியும் வந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். "இந்த மரத்துல ஒரு இலைமேலகூட யாரும் கை வெக்கக் கூடாது" என்பது அவருக்கு இடப்பட்ட உத்தரவு.

ஒட்டு பிடித்ததா இல்லையா என்று பார்ப்பது சுலபம். இரண்டு வாரம் கழித்து அந்தக் காம்புத் துண்டைத் தொட்டால், உயிர் இருந்தால் பட்டென்று உதிரும். செத்திருந்தால் சுருங்கிக் கறுத்து, விடமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருக்கும். பீச்சம்மா வேலிக்கு வெளியில் நின்று பார்த்தாள். கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம் உள்ள போய்ட்டு வந்துடறேன்," என்றாள் காவலாளியிடம்.

"வேணாம் மேடம். நேத்து ஒரு காக்காய உள்ள விட்டதுக்கே ஆமாஞ்சார் என்னை விளக்கம் கேட்டாரு."

அவள் திரும்பிவிட்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளைக்கு என்பது அந்த நிலையத்தில் ஒரு நாள் அல்ல, ஒரு பதவிக்காலம்.

குளிர் முடிந்ததும் வேர்க்கன்றின் தலையை வெட்டினார்கள், அட்டவணையில் அப்படி இருந்தது. மேலே வளர மொட்டு இல்லை. எனவே வேர்க்கன்று, யாரும் இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை பொறுப்பெடுத்துக்கொள்வது போல, செத்த மொட்டுக்குக் கீழேயிருந்து தானே ஒரு கிளை விட்டது. அதைக் கிள்ளி எறியவேண்டும். ஆனால் ஒரு இலைமேலும் கை வைக்கக்கூடாது. மரம் கிடுகிடுவென்று வளர்ந்தது. சிவப்பாக வளர்ந்தது.

இதுதான் விஷயம். நிலையம் பயன்படுத்துகிற வேர்க்கன்று செவ்விலை ரகம். இலை கருஞ்சிவப்பாக இருக்கும். அழகுக்காக அல்ல. ஒட்டு செத்துப்போய் வேர்க்கன்று தலையெடுத்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே அந்த ரகத்தைப் பொறுக்கியெடுத்து வைத்திருக்கிறார்கள். பச்சை வந்தால் பிடித்தது. சிவப்பு வந்தால் பிடுங்கிப் போடு. நாற்றங்காலில் புதிதாகச் சேர்ந்த கூலியாளுக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது ஒன்றுதான்.

இயக்குநர் ஆய்வாளர்கள் எல்லோரையும் வேலியைச் சுற்றி நிறுத்தினார். "நிறத்தைப் பாத்தீங்களா?" என்றார். "இந்தச் சிவப்ப நான் எங்கயும் பாத்ததில்ல."

அது உண்மை. அவர் நாற்றங்கால் பக்கம் போனதே இல்லை.

"ஆமாம் சார். ராஜகளை சார்," என்றார் ஆமாஞ்சார்.

பூச்சியியல்காரர் தரையைப் பார்த்தார். மண்ணியல்காரர் வானத்தைப் பார்த்தார். பீச்சம்மாவை இயக்குநர் பார்த்தார்.

"மேடம், மாசா மாசம் நீங்களே இதோட உயரத்தையும் சுற்றளவையும் அளந்து குடுங்க. கட்டுரை போடுவோம்."

அவள் அளந்தாள். அளப்பது பொய் அல்ல என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். மரம் அவ்வளவு உயரம் இருந்தது, அவ்வளவுதான் எழுதினாள். 'புதிய பீச் ரகத்தில் அதிவீரியத்தால் இலை செம்மையுறுதல்' என்று கட்டுரை வந்தது. முதல் பெயர் இயக்குநர். இரண்டாவது ஆமாஞ்சார். மூன்றாவது இயக்குநரின் மருமகன். அவர் படித்தது கணக்கியல். அவள் பெயர் நான்காவது. கட்டுரைக்கு ஒரு விருதும் வந்தது. விருதை வாங்க மருமகன் போனார்.

அவள் கவலைப்படாததற்குக் காரணம் இருந்தது. ஏழாம் வரிசைக்காரி உயிரோடு இருந்தாள். அவளிடமிருந்து பீச்சம்மா தன் கையாலேயே ஒட்டுப்போட்ட ஒரு பாத்திக் கன்றுகள், எல்லாம் பச்சைப் பசேலென்று, நாற்றங்காலில் நின்றன. வாசலில் வெங்காயம் சிவப்பாக எதையோ வளர்த்துக்கொண்டு போகட்டும். பழம் பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாம் வருடம் அவளுடைய கணவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. அவள் விடுப்பில் இருந்த பத்து நாளில் நாற்றங்காலில் மண்வாரி இயந்திரம் இறங்கியது. பார்வையாளர் மாளிகை கட்டுகிறார்கள். எதைப் பார்க்கப் பார்வையாளர்கள் வருவார்களோ அதைத் தோண்டி எறிந்துவிட்டு, அவர்கள் உட்கார இடம். அவளுடைய பச்சைக் கன்றுகள், ஒட்டாத வேர்க்கன்றுகள் உட்பட எல்லாப் பாத்தியும் மண்மேடாகிவிட்டது. அஸ்திவாரக் குழியின் வடிகாலை ஏழாம் வரிசைப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள்.

பீச் மரம் எதையும் பொறுத்துக்கொள்ளும், காலடியில் தேங்குகிற தண்ணீரைத் தவிர. அவள் திரும்பி வந்தபோது ஏழாம் வரிசைக்காரியின் அடிமரத்தில் பிசின் வடிந்துகொண்டிருந்தது. உச்சி இலைகள் மஞ்சளாகிச் சுருண்டிருந்தன. மண்ணைக் கிளறினாள். வேர் விரலோடு வழன்று வந்தது, நாற்றத்தோடு. அடுத்த குளிரைத் தாண்டாது. மொட்டு எடுக்கத் தகுந்த கிளை இன்னும் சில இருந்தன, அதுவும் இந்தப் பருவம் மட்டும்.

ஒட்ட வேர்க்கன்று இல்லை. வாங்குவதற்குக் கொள்முதல் குழு கூடவேண்டும். அது கூடி, தேநீர் குடித்து, கலைந்து, மறுபடி கூடுவதற்குள் ஒரு வருடம் போகும். வீட்டு மாடியில் தொட்டியில், பீச்சுக்கு ஒன்றுவிட்ட சொந்தமான வாதுமைக் கன்று இரண்டு வைத்து ரகசியமாக ஒட்டிப் பார்த்தாள். நிலையத்தின் ரகத்தை வெளியே கொண்டுபோவது திருட்டு என்று விதி. அவள் துணிந்து திருடியும் ஆறாம் மாடிக் காற்றில் பட்டை காய்ந்து மொட்டுகள் கறுத்துவிட்டன.

"மொத்த வளாகத்துலயும் உயிரோட இருக்கிற ஒரே வேர்க்கன்று எது தெரியுமா?" என்றாள் கணவரிடம்.

அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். தையல் பிரித்த வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் இருந்தார். "சிரிக்க வெக்காத. வலிக்குது," என்றார். சிரித்துவிட்டு வலியில் முனகினார். "அந்தச் செவப்புதானா?"

"அதுல நல்ல மொட்டா நாலஞ்சு கிளையில வெச்சா பிடிச்சுக்கும். நல்ல வேரு. காவலாளி வேற இருக்காரு."

"வெச்சுட வேண்டியதுதானே?"

"வெச்சா அவர் சொன்னதெல்லாம் நிஜமாயிடுங்க. அவர் கையால வெச்ச மரம், அவங்க அம்மா பேரு, அதே பழம். நான் வெக்கலைன்னா அடுத்த கோடையில அந்தச் செவப்பு காய்க்கும். ஊரே வாயில வெச்சுத் துப்பும்."

"அது நல்லா இருக்குமே."

"நல்லாதான் இருக்கும். ஆனா துப்பறப்ப என் மரம் இருக்காது."

"ஏம்மா, வண்டியக் காப்பாத்தணுமா, நம்பர் பிளேட்டக் காப்பாத்தணுமா? ரெண்டையும் சேத்துக் காப்பாத்தறவன் இன்னும் என் பள்ளிக்கூடத்துக்கு வரல."

"உங்களுக்குச் சுலபமா இருக்கு."

"எனக்கு என்ன, வயித்துல தையல் போட்ட எடம் இழுக்குது. நான் எது சொன்னாலும் மெதுவாதான் சொல்லணும்."

மறுநாள் அவள் இயக்குநரின் அறைக்குப் போனாள். நீளமான அறை. கதவிலிருந்து மேசைக்குப் போவதற்குள் கொண்டுவந்த தைரியத்தில் பாதி கம்பளத்திலேயே உதிர்ந்துவிடும் என்று அளந்து கட்டியது. சுவரில் அவர் மொட்டு வைக்கிற புகைப்படம் சட்டமிட்டு இருந்தது. பெரிதாக்கிய படத்தில் தலைகீழ் மொட்டு கட்டைவிரல் அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். செத்த மொட்டு, செவ்விலை, வேர்க்கன்று. அவர் குறுக்கிடவில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது.

"அப்ப இவ்வளவு நாளா நீங்க எதை அளந்தீங்க?" என்றார் கடைசியில்.

"வேர்க்கன்ற சார்."

"தெரிஞ்சே?"

"தெரிஞ்சே."

"கட்டுரையில உங்க பேரு இருக்கு."

"நாலாவதா இருக்கு சார்."

"நாலாவதா இருந்தாலும் பேரு பேருதானே." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியாது. நான் வெங்காயம். இந்த நிலையத்துல என்னை அப்படித்தான் கூப்பிடறாங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். தெரியாதவன் தப்புப் பண்ணா அது அறியாமை. தெரிஞ்சவங்க அளந்துகிட்டிருந்தா அதுக்கு என்ன பேரு?"

இந்த ஆளிடம் தோற்கலாம் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். நியாயத்தில் தோற்போம் என்று எதிர்பார்க்கவில்லை.

"அன்னிக்கே சொல்லிருக்கலாமே?"

"கேமரா இருந்துச்சு சார்."

"கேமரா சாயங்காலமே போயிடுச்சே."

பிறகு இயக்குநர், அழுகல் எங்கே தொடங்குகிறது என்று வாழ்நாளெல்லாம் படித்தவர், விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இப்ப என்ன செய்யலாம்னு வந்தீங்க?"

"ஏழாம் வரிசையிலருந்து மொட்டு எடுத்து அந்தச் செவப்பு மரத்துல வெக்கணும். அடுத்த வருஷம் பச்சையா வரும். அதுக்கடுத்து அதே பழம் காய்க்கும்."

"யாருக்கும் தெரியாதா?"

"மரத்தப் பாத்தா தெரியும்."

"மரம் பேட்டி குடுக்காது," என்றார். "வெச்சுடுங்க. ஞாயித்துக்கெழம காலையில. நானும் வர்றேன். ஆனா அந்தப் பழைய மரம் அன்னிக்கே போயிடணும். ரகப் பதிவுக்குத் திங்கக்கெழம ஆள் வர்றாங்க. பச்சையா ஒண்ணு, செவப்பா ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே பேருன்னா கேள்வி வரும்."

"சார், பிடிச்சுதான்னு பாக்கவே ரெண்டு வாரம் வேணும். பிடிக்கலைன்னா மறுபடி மொட்டு எடுக்க அந்த மரம் வேணும். இருக்கறதே சாகற மரம் சார், இன்னும் ரெண்டு வாரம் நின்னா யாருக்கு என்ன?"

"சாகற மரம்தானே," என்றார் இயக்குநர் கனிவாக. "அப்புறம் ரெண்டு வாரத்துக்கு எதுக்குச் சண்டை?"

ஞாயிற்றுக்கிழமை காலை மரத்தைச் சுற்றிச் சாக்குத் துணி கட்டியிருந்தார்கள். 'மருந்து தெளிப்பு நடைபெறுகிறது' என்று அட்டை தொங்கியது. காவலாளியைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு நாளில் அவருக்கு நிலையம் வாங்கித்தந்த முதல் தேநீர். துணிக்குள் மூன்று பேர். அவள், நாடாச் சுருளும் கத்தரிக்கோலுமாக ஆமாஞ்சார், குடை பிடித்துக்கொண்டு இயக்குநர். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஏதாவது பிடித்துக்கொண்டு நின்றால் வேலை செய்வது போல இருக்கும் என்று பிடித்திருந்தார்.

ஏழாம் வரிசையிலிருந்து அவள் விடியும்போதே கிளைகளை வெட்டி ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தாள். முக்கால்வாசி மொட்டு மெலிந்து கிடந்தது. தேறியவை ஒரு கைக்குள் அடங்கும்.

கத்தியைத் துடைத்தாள். செவ்விலைத் தண்டில் கீறி, பட்டையைக் கத்தி முனையால் நெம்பினாள். பட்டை தயங்காமல் வழுக்கிக்கொண்டு பிரிந்தது. உள்ளே மரம் ஈரமாக, வெளுப்பாக மின்னியது. அருமையான வேர்க்கன்று. அதைச் சொல்லவேண்டும். இவ்வளவு நாள் ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்த மரத்திடம் எந்தக் குற்றமும் இல்லை, அது வளர்ந்தது, அவ்வளவுதான். முதல் மொட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. கை பழைய வேகத்துக்கு வந்தது. இரண்டாவது, மூன்றாவது.

"நான் வெச்ச மாதிரி இல்லியே," என்றார் இயக்குநர் எட்டிப் பார்த்து.

"இது வேற முறை சார்."

"ஆமாம் சார், வேற முறை," என்றார் ஆமாஞ்சார்.

கடைசி மொட்டைச் சீவி எடுத்துக் காம்பைப் பிடித்து உதட்டில் வைத்துக்கொண்டாள். ஒட்டுப்போடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்; கீறல் போட இரண்டு கையும் வேண்டும், சீவிய மொட்டு காற்றில் காயக்கூடாது, வைக்க வேறு சுத்தமான இடம் கிடையாது. கீறலைத் தொடங்கியபோது ஏழாம் வரிசைப் பக்கமிருந்து மின்ரம்பத்தின் சத்தம் கேட்டது.

அவள் முடிக்கும் வரையாவது பொறுப்பார்கள் என்று நினைத்திருந்தாள். கேட்டு வாங்கிய வாக்கு அல்ல. மனுஷத்தனம் என்று ஒன்று இருக்கும் என்று தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டது. தலையைத் திருப்பி இயக்குநரைப் பார்த்தாள். 'நிறுத்துங்க' என்று ஒரு சொல் போதும். ஒன்றிரண்டு மொட்டு கூடுதலாக எடுத்துவிடலாம். வாயைத் திறந்தால் மொட்டு விழும். இருப்பதில் திரட்சியானது அதுதான்.

"ஆட்கள் இப்பவே கிளம்பணுமாம் மேடம், ஞாயித்துக்கெழம பாருங்க," என்றார் இயக்குநர், அவள் கேட்காத கேள்விக்கு.

அவள் திரும்பிக்கொண்டாள். பட்டையை நெம்பினாள். ரம்பத்தின் சத்தம் உயர்ந்து, கட்டையில் ஏறித் தணிந்து, மறுபடி உயர்ந்தது. பிறகு கிளைகள் முறிகிற சத்தமும், பெரிதாக எதுவோ ஈர மண்ணில் விழுகிற சத்தமும். உதட்டிலிருந்து மொட்டை எடுத்து உள்ளே வைத்தாள். நிமிர்த்தி வைத்தாள். நாடாவுக்குக் கையை நீட்டினாள்.

ஆமாஞ்சார் நாடாவைச் சரியான நீளத்துக்கு வெட்டித் தயாராக வைத்திருந்தார். அவரும் ஒரு காலத்தில் மரங்களைப் படித்தவர்தான். நிலையத்தில் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், அவர் உட்பட.

இரண்டு வாரம் கழித்துக் காம்புகளைத் தொட்டாள். இரண்டு கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தன. மற்றவை விரல் பட்டதும் உதிர்ந்தன. அந்த நொடியில் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். யாருக்காக, யார் பெயருக்காக என்பதெல்லாம் அந்தச் சந்தோஷம் வந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

குளிர் முடிந்ததும் சிவப்பை வெட்டினார்கள். பச்சை வந்தது. 'முதிர்ச்சியில் செம்மை நீங்கிப் பசுமையுறுதல்' என்று இன்னொரு கட்டுரை வந்தது. எழுதியவள் அவள்தான். ஒரு பொய்யை அவளைவிடச் சுத்தமான நடையில் அந்த நிலையத்தில் யாராலும் எழுத முடியாது என்பதில் இயக்குநருக்கும் அவளுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. பெயர் வரிசையில் அவள் ஐந்தாவது. மருமகனின் தம்பி ஒருவன் வேலையில் சேர்ந்திருந்தான்.

பழம் வந்த கோடையில் பார்வையாளர் மாளிகையில் சுவை விழா நடந்தது. இயக்குநர் மேடையில் பேசினார். தன் கையால் வைத்த மொட்டு, தாயாரின் பெயர், எள்ளி நகையாடியவர்கள். பேசும்போது அவர் கண் கலங்கியது. அவள் முதல் வரிசையில் இருந்து பார்த்தாள். நடிப்பு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் குடை பிடித்து நின்றதை அந்த மனிதர் முழுதாக மறந்திருந்தார். பொய் சொல்பவரை என்றாவது ஒரு நாள் பிடித்துவிடலாம். நம்பிவிட்டவரை என்ன செய்வது?

பக்கத்து நாற்காலியில் இருந்த பத்திரிகைப் பெண், "இதுல உங்க பங்கு என்ன மேடம்?" என்று கேட்டாள்.

"உயரம் அளந்தேன்," என்றாள் பீச்சம்மா. அந்தப் பெண் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனாள்.

பழங்களை மெல்லிய துண்டுகளாக அரிந்து, ஒவ்வொன்றிலும் பல்குத்தும் குச்சி செருகி, வெள்ளைத் தட்டுகளில் வைத்திருந்தார்கள். கூட்டம் குறைந்தபின் அவள் மேசைக்குப் போய் ஒரு துண்டு எடுத்தாள். வேர் மாறியிருக்கிறது, இடம் மாறியிருக்கிறது, கொஞ்சமாவது கெட்டிருக்கும் என்று எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தாள் என்பதைவிட வேண்டிக்கொண்டாள் என்பது சரி. புளித்திருந்தால், சக்கையாக இருந்திருந்தால், இது வேறு யாருடையதோ என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

முதலில் வாசனை வந்தது. பிறகுதான் இனிப்பு வந்தது.

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். கை தானாக இன்னொரு துண்டுக்குப் போனது.

"மேடம்," என்றார் ஆமாஞ்சார் பின்னாலிருந்து, தாழ்ந்த குரலில், "தப்பா நினைக்காதீங்க, வெளியிலருந்து வந்தவங்களுக்கே பத்தாது போலருக்கு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.